கடல் விட்டுப்போன கரையில்... காரே வீடு!

அரியலூர், பெரம்பலூர் மண்ணைத் தேடித் தனியாக வரும் வண்டிப் பயணிகள். இடம் கொடுக்க ஊர்கள் தயாரா?

பொழுது இன்னும் முழுசாக விடியவில்லை. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து மண்தடம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன கார் நிற்கிறது. பின் சீட்டை மடக்கிப் போட்டு அதன்மேல் மெத்தை விரித்திருக்கிறது. கண்ணாடிகளின் உள்பக்கம் கொசுவலைத் துணி. திறந்திருக்கும் டிக்கிக்கு வெளியே, தரையில் வைத்த கேஸ் அடுப்பில் டீ கொதிக்கிறது. அடுப்பைத் தாண்டினால் நிலம் சட்டென்று இறங்கிவிடுகிறது. சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று நிறம் மாறி மாறி, மழைத்தண்ணீர் அறுத்துவிட்ட மண்மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கின்றன. அவற்றின் சரிவெல்லாம் ஜிப்சத் துண்டுகள் மினுங்குகின்றன. ஆடு ஓட்டிவந்த பெரியவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "ஒண்டியாவா வந்தீங்க தம்பி? ராத்திரி இங்கயேவா படுத்தீங்க?"

அந்தக் கேள்வியில் அக்கறையும் இருக்கிறது, சந்தேகமும் இருக்கிறது. இரண்டுமே நியாயமானவைதான். நேற்றுவரை ஆடுமாடு மேய்ப்பவர்களும் புவியியல் மாணவர்களும் மட்டுமே கால்வைத்த இந்த மண்மேடுகளைத் தேடி, ஒற்றை ஆளாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, வண்டியிலேயே தூங்கி எழுந்து போகிறவர்கள் இப்போது தலைகாட்டுகிறார்கள். அவர்கள் தேடி வருவது ஒரு கடற்கரையை. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அலையடித்த கரை அது. இன்றைய வங்கக் கடலோ இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

சீட்டை மடக்கினால் படுக்கை

கேம்பர் வேன் என்றதும் கட்டில், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்த வெளிநாட்டு வண்டிதான் நினைவுக்கு வரும். நம் ஊரில் வழக்கத்துக்கு வந்திருப்பது அதைவிட எளிமையானது. சொந்தக் காரின் பின் சீட்டை மடக்கி, பலகையோ மெத்தையோ போட்டு, இருபது லிட்டர் தண்ணீர்க் கேனும் ஐந்து கிலோ கேஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். யூடியூபில் 'கார் கேம்பிங்' வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்தவர்கள் பலர். ஐ.டி. வேலையில் இருப்பவர், பணி ஓய்வு பெற்றவர், கல்லூரி முடித்த பெண் என்று எல்லா வகையினரும் இதில் உண்டு. லாட்ஜ் வாடகை மிச்சம் என்பது சின்னக் காரணம். யாருடைய நேரத்துக்காகவும் காத்திராமல், பிடித்த இடத்தில் நின்று பார்க்கும் சுதந்திரம்தான் பெரிய காரணம்.

அரசும் இதைக் கவனித்திருக்கிறது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு 2023இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. ஆனால், கொள்கை என்று பேசும்போது கடற்கரையும் மலையும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. சிமென்ட் லாரிகள் ஓடும் அரியலூரும் சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூரும் அந்தப் பேச்சில் கடைசி வரிசைக்குப் போய்விடுகின்றன. பயணிகளோ கொள்கைக்குக் காத்திராமல் வந்துகொண்டிருக்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: இது எந்தக் கடல்?

● கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியா பிரிந்தபோது, கிழக்கே நிலம் இறங்கிக் காவிரிப் படுகை உருவானது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கடல் பலமுறை உள்ளே வந்து பின்வாங்கியது.

● 1840களில் இங்கே சேகரித்த தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து எழுதினார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு ஊர் ஊராக அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இவ்வுயிரினங்களை நூல்வரிசையாகவே பதிவுசெய்தார்.

● நம் கிராமங்களின் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் இன்றும் புழங்குகின்றன: காரை, கல்லங்குறிச்சி, கல்லமேடு, நின்னியூர்.

பழைய கரையோரமாக ஒரு பாதை

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே வருகிறவர்களுக்கு முதலில் தென்படுவது ரஞ்சன்குடி கோட்டை. 1751இல் வாலிகண்டபுரம் போர் நடந்த வட்டாரம் இது. பெரம்பலூரைத் தாண்டினால் சிறுவாச்சூர். அங்கே மதுரகாளியம்மன் கோயில் நடை திங்கள், வெள்ளி இரண்டு நாள் மட்டுமே திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுவாள் என்பது ஊர் நம்பிக்கை. நாள் பார்க்காமல் வந்தால் பூட்டிய கதவைத்தான் கும்பிட்டுப் போக வேண்டும்.

நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பியதும் கடலின் எல்லைக்குள் வந்துவிடுகிறோம். காரை – கொளக்காநத்தம் பகுதியின் மண்மேடுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பட்டியலிட்டிருக்கிறது. மேடுகளுக்கு நடுவே குனிந்து நடந்தால், விரல் மொத்தத்தில், தேன் நிறத்தில், ஒரு முனை கூர்ந்த உருளைக் கற்கள் கிடைக்கும். உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தால், நடுப்புள்ளியிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய கோடுகள் ஓடும். கல்லான பெலம்னைட் அது. கணவாய்க்குச் சொந்தக்கார உயிரினம். மீன் சந்தையில் வாங்கும் கணவாயின் உள்ளே ஓடு இருக்குமே, அப்படி இதன் உடலுக்குள் இருந்த தண்டுதான் பல கோடி ஆண்டு கழித்து நம் உள்ளங்கையில் கிடக்கிறது. சுருள் சுருளான ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் சுறாப் பற்களும் இதே மண்ணில் கிடைத்திருக்கின்றன.

சாத்தனூரில் இருப்பது கல்மரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குத் தெரிவித்த இந்த அடிமரம் 18 மீட்டருக்கும் அதிக நீளம். கரையோரக் காட்டிலிருந்து அடித்துவரப்பட்டு, கடலடி மணலில் புதைந்து, மரத்தின் செல்கள் இருந்த இடத்தையெல்லாம் சிலிக்கா பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டது. மாவட்ட எல்லையை ஒட்டிய கருடமங்கலத்தின் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல் 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்ற பெயரில் ஒருகாலத்தில் அலங்காரப் பொருளாகப் போனது.

அங்கிருந்து அரியலூர்ப் பக்கம் வந்தால், வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம். காரையைப் பார்க்கும் முன்பே இங்கே வந்துவிடுவது நல்லது. எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து பார்த்தால்தான் கண்ணுக்கு அகப்படும். பக்கத்திலேயே கரைவெட்டி பறவைகள் சரணாலயம். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரில் நிறையும் இந்த ஏரிக்கு 2024 ஜனவரியில் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. இமயத்தைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே இறங்குகின்றன. கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கம்பமாகவே நின்று அருள்கிறார். கிழக்கே ஜெயங்கொண்டத்தை ஒட்டி, கடல் கடந்து படை நடத்திய ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பெருங்கோயில்.

இத்தனையும் சேர்ந்தும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரைநாள் ஓட்டம்தான். ஆனால், அவசரப்பட்டு ஓட்டினால் ஒன்றும் மனதில் தங்காது. ராத்தங்கிப் பார்க்க வேண்டிய நிலம் இது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ராத்திரி எங்கே வண்டியை நிறுத்துவது?

காரை மேடுகளில் மரம் இல்லை, தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை. மழைபெய்தால் அந்தக் களிமண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். டிராக்டர் வந்து இழுக்காமல் வெளியே வர முடியாது. கோடையில் காலை பத்து மணிக்கே காருக்குள் இருக்க முடியாது. மார்கழி, தை மாதங்கள்தான் தோது.

வருகிறவர்கள் பெட்ரோல் பங்க், கோயில் வாசல், சாலையோர ஓட்டல் என்று எங்காவது ஒதுங்குகிறார்கள். ஆணாக இருந்தால் விசாரணையோடு முடிகிறது. பெண்ணாக இருந்தால், வண்டியை நிறுத்திய கால்மணி நேரத்தில் ஊரில் செய்தி பரவிவிடும். நல்ல மனசோடு வீட்டுக்குக் கூப்பிடும் அக்காமார்களும் உண்டு. "இங்கெல்லாம் படுக்கக் கூடாதும்மா" என்று அனுப்பிவைப்பவர்களும் உண்டு. இருட்டு வேளையில், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி சாலைக்கு ஏறுவதுதான் இதில் பெரிய ஆபத்து. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் ராப்பகலாக ஓடுகின்றன. புழுதியும் எதிர் வெளிச்சமும் சேர்ந்தால், பழக்கமில்லாதவருக்கு வளைவு தெரியாது. பொழுது சாய்ந்தபின் ஒரு பயணியை விரட்டிவிடுவது அவரை அந்த லாரிகளுக்கு நடுவே அனுப்புவதுதான்.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது இந்த ஊர்களுக்குத் தெரியாத பழக்கமா என்ன? சமயபுரத்துக்கு நடந்துபோகும் பக்தர்களுக்காக இதே நெடுஞ்சாலையில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். அன்னதானம் செய்கிறோம். மண்டபத்தைத் திறந்துவிட்டுப் பாய் விரித்துக் கொடுக்கிறோம். மஞ்சள் உடுத்தியவருக்குக் கிடைக்கும் அந்த இடம், கல்லைப் பார்க்க வந்தவருக்கும் கிடைக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: வண்டியில் தங்குவோர் கவனத்துக்கு

● கண்ணாடியை முழுக்க ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்கவே கூடாது. வண்டிக்குள் அடுப்பும் பற்றவைக்கக் கூடாது. கேரளத்தின் வடகரையில் 2024 டிசம்பரில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் கார்பன் மோனாக்சைடு பரவி இருவர் இறந்தார்கள்.

● மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றி வண்டியை உருமாற்றுவது குற்றம். 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மடக்கி விரிக்கும் மெத்தை போதும். சீட்டைக் கழற்றி வெட்டி ஒட்டினால் இன்ஷூரன்ஸிலும் வில்லங்கம் வரும்.

● அவசர உதவி 112, பெண்கள் உதவி எண் 181, ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033.

● வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்துவிடுங்கள். தங்குமிடத்தைப் பஞ்சாயத்திலோ காவல் நிலையத்திலோ சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பைக்குள் போகும் கடல்

தங்குமிடப் பிரச்சினை பயணிக்கு. நிலத்துக்கு வரும் பிரச்சினை வேறு. வருகிறவர் ஒவ்வொருவரும் ஞாபகத்துக்கு ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். 'ஒன்றுதானே' என்று தோன்றும். ஆனால், ஒரு தொல்லுயிர் எச்சத்தின் மதிப்பில் பாதி, அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருக்கிறது. அலமாரிக்குப் போன பெலம்னைட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அதிகம் மிஞ்சாது.

இழப்பு என்றால் என்னவென்று கல்லமேட்டைக் கேட்க வேண்டும். 1980களில் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம். உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இது இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதத்தைத் தீர்த்துவைக்க எலும்பு இல்லை. ஈரத்தில் ஊறிப் பொடிந்து அழிந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை வரைபடங்களும் புகைப்படங்களும்தான். உலகுக்கே காட்டியிருக்க வேண்டிய ஒன்று, காப்பாற்றப்படாமல் மண்ணோடு மண்ணானது.

தெரியாத்தனமும் ஒரு ஆபத்து. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப்பில் பரவி ஊரே திரண்டது. அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிவு இறுகி உருவான கற்கள் அவை என்று வல்லுநர்கள் வந்து விளக்க வேண்டியிருந்தது.

சுரங்கங்களின் கணக்கு இதைவிடப் பெரியது. சிமென்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு, அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் கிளிஞ்சல்களும் தந்ததுதான். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. நிறுத்து என்று சொல்லும் உரிமை வெளியாருக்கு இல்லை. ஆனால், அரைபடும் முன் அடுக்குகளைப் பதிவுசெய்வதும், மிக முக்கியமான துண்டு நிலங்களைத் தொடாமல் விடுவதும் கட்டாயம் கேட்க வேண்டியவை. புவிமரபு இடங்களையும் எச்சங்களையும் காக்க ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022இல் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. வரைவு இன்னும் சட்டமாகி நடைமுறைக்கு வரவில்லை.

மெக்சிகோ கரை சொல்வது

தனியாக வண்டியில் போய்க் கடலோரம் தங்குவதற்கு உலகம் முழுக்கப் பேர்போன இடம், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா. 1973இல் திறந்த நெடுஞ்சாலை, திஹுவானாவிலிருந்து தெற்கு முனை வரை சுமார் 1,700 கிலோமீட்டர் ஓடுகிறது. கன்செப்சியோன் விரிகுடாவின் மணல்திட்டுகளில் வண்டியை நிறுத்தினால், மாலையில் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து இரவுக் கட்டணம் வாங்கிக்கொள்வார். நிழலுக்கு ஓலைக் கூரை, ஒரு கழிப்பறை, அவ்வளவுதான் வசதி. ஆனால் கரைக்கு ஒரு பொறுப்பாளி இருக்கிறார், பயணிக்கு ஒரு அறிமுகம் கிடைக்கிறது, பணம் ஊரிலேயே தங்குகிறது. அங்கே ஓட்டுகிறவர்களின் முதல் விதி, இருட்டியபின் ஓட்டாதே என்பது. சாலையில் மாடு நிற்கும் என்பதுதான் காரணம். நமக்கு அந்த மாட்டின் இடத்தில் லாரி.

அந்தக் கரையில் எல்லாம் நல்லபடி நடப்பதில்லை. 2024 ஏப்ரலில், என்செனாடா பக்கம் ஆளில்லாத கரையில் முகாமிட்ட மூன்று அலைச்சறுக்கு வீரர்கள் வண்டியைப் பறிக்க வந்தவர்களால் கொல்லப்பட்டார்கள். ஊரின் கண் படாத இடத்தில் தங்குவதன் விலை அது. தனிமையைத் தேடிப் போகிறவருக்கும், கூப்பிடு தூரத்தில் ஒரு ஊர் வேண்டும்.

தெற்கே கபோ புல்மோ என்ற சின்னஞ்சிறு ஊர் இன்னொரு வழியைக் காட்டியது. மீன் குறைந்துகொண்டே போனதைப் பார்த்த மீனவக் குடும்பங்கள் வலையை ஒதுக்கிவைத்தன. 1995இல் அந்தக் கடல் தேசியப் பூங்காவானது. 1999க்கும் 2009க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை நாலு மடங்குக்கு மேல் கூடியதாக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அந்த மீன்களைப் பார்க்க வருகிறவர்களால் இன்று அந்த ஊர் பிழைக்கிறது. எடுப்பதை நிறுத்தியதால் வருமானம் வந்தது. நம் கல்லுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு வித்தியாசம் உண்டு: மீன் மறுபடி பெருகும், எடுத்துப்போன அம்மோனைட் திரும்ப முளைக்காது.

பெட்டிச் செய்தி: மெக்சிகோவில் விழுந்தது, அரியலூரையும் தொட்டது

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவின் யுகடான் கரையில் சிக்சுலுப் என்ற இடத்தில் ஒரு விண்கல் மோதியது. புதைந்துகிடக்கும் அந்தப் பள்ளத்தின் விட்டம் சுமார் 180 கிலோமீட்டர். பறவைகளின் மூதாதையர் நீங்கலாக டைனோசர்களும், கடலில் அம்மோனைட்டுகளும் அத்தோடு முடிந்தன. டைனோசர் காலத்தின் கடைசிப் படிவுகள் கல்லமேட்டிலும், அதற்கடுத்த காலத்தின் கடல் படிவுகள் நின்னியூரிலும் இருக்கின்றன. உலகம் மாறிய அந்தக் காலகட்டத்தின் முன்னையும் பின்னையும் ஒரே மாவட்டத்துக்குள் பார்க்க முடிவது அபூர்வம்.

இனி என்ன செய்ய வேண்டும்?

விபத்து நடந்தபின் விழிப்பது நம் வழக்கமாகிவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின் மலையேற்றத்துக்குத் தடைகள் வந்தன. 2024 அக்டோபரில்தான் 'ட்ரெக் தமிழ்நாடு' மூலம் 40 பாதைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தன. வழிகாட்டியும் பதிவும் இருந்தால் மலையே ஏறலாம் என்னும்போது, காரையில் ஒரு ராத்திரி தங்குவது முடியாத காரியமா?

பெரிய செலவு தேவையில்லை. காரை, சாத்தனூர், வாரணவாசி, கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய நாலு இடங்களில், ஊரை ஒட்டி, நினைவுச் சின்னத்தை விட்டுத் தள்ளி, இடத்துக்குப் பத்து வண்டி நிற்கும் அளவில் ஒரு திடல் போதும். உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய கழிப்பறை, குடிதண்ணீர், விளக்கு, ஒரு காவலர். ஊராட்சி ரசீது போட்டுக் கட்டணம் வாங்கட்டும். மகளிர் சுயஉதவிக் குழு சாப்பாடு போடட்டும். பெண் பயணிக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. மண்மேடுகளுக்குள் வண்டி ஏறாதபடி தடுப்பு வேண்டும். பயிற்சி பெற்ற ஊர்ப் பிள்ளை துணையில்லாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. தொட்டுப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், கல் மட்டும் வெளியே போகக் கூடாது என்று வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

பயணிகளுக்கும் கடமை இருக்கிறது. வரைபடத்தில் துல்லியமான இடக்குறிப்போடு புதைபடிவப் படங்களைப் போட்டுக் கூட்டம் சேர்க்காதீர்கள். ஊர்க் கடையில் டீ குடியுங்கள், ஊர்ச் சந்தையில் வெங்காயம் வாங்குங்கள். குப்பையை வண்டியிலேயே திருப்பி எடுத்துப் போங்கள்.

வெளியூர்க்காரர் பார்த்து வியக்கும் மண்மேட்டைத் தினமும் தாண்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் காரையைச் சுற்றிய ஆலத்தூர் வட்டாரத்தில் இருக்கிறார்கள். அது என்னவென்று எடுத்துச் சொல்லும் முதல் ஆள் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். அதற்கான சம்பளமும் அவர் கைக்கே வர வேண்டும். அப்படி நடந்தால், இந்தக் கரையைக் காக்கும் வேலையை ஊரே எடுத்துக்கொள்ளும். அடுத்த மார்கழிக்கு இன்னும் நிறைய வண்டிகள் வரும். அதற்குள் மாவட்ட நிர்வாகங்களும் சுற்றுலாத் துறையும் ஊராட்சிகளை உட்காரவைத்துப் பேசி, அந்த நாலு திடல்களில் முதல் திடலைக் காரையிலேயே தொடங்கிவிட வேண்டும்.